வண்டி நேராகப் போனால் அலைன்மென்ட் சரியா?

சக்கரங்கள் சரியான கோணத்தில் நிற்கும்படி அமைப்பதுதான் அலைன்மென்ட். அதைப் பற்றி கோவை, திருப்பூர் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: "பைபாஸில் ஸ்டியரிங்கை விட்டுப் பாருங்கள். வண்டி ஒரு பக்கம் இழுக்காவிட்டால் அலைன்மென்ட் சரி. காசை வீணாக்காதீர்கள்." இது தவறு. ஓடும் ரோட்டில் ஸ்டியரிங்கை விடச் சொல்வது அதைவிட மோசம்.

முன்சக்கரங்கள் இரண்டும் ஒரே அளவுக்கு உள்பக்கமாகவோ வெளிப்பக்கமாகவோ திரும்பியிருந்தால் (இதுதான் டோ), இரண்டு பக்க விசையும் சமமாகி வண்டி நேராகவே போகும். ஆனால் ஒவ்வொரு டயரும் உருளும்போதே பக்கவாட்டில் கொஞ்சம் தேய்த்துக்கொண்டே போகும். வண்டி நின்றிருக்கும்போது டயரின் குறுக்கே உள்ளங்கையால் தடவுங்கள். ஒரு திசையில் வழவழப்பாகவும் எதிர்த்திசையில் ரம்பப் பல் போலவும் பட்டால் டோவைச் சந்தேகிக்கலாம்.

இழுத்தால் அலைன்மென்ட்தான் காரணம் என்பதும் நிச்சயமில்லை. மழைநீர் வடிய ரோடே இடப்பக்கம் சரிந்திருக்கும். டயர்களில் காற்று ஏறுக்குமாறாக இருந்தாலும், ஒரு சக்கரத்தில் பிரேக் பிடித்துக்கொண்டாலும் இழுக்கும்.

தேய்மானத்திலும் குழப்பம் உண்டு. இரு ஓரமும் தேய்ந்தால் பெரும்பாலும் காற்றுக் குறைவு; நடுவில் தேய்ந்தால் காற்று அதிகம். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். அடிக்கடி ஏறி இறங்கும் வண்டிக்கு அலைன்மென்ட் சரியாக இருந்தாலும் டயர் ஓரம் தேயும்.

அலைன்மென்ட்டுக்கு விடும்போது முதலில் காற்றைச் சரிபார்த்து, டை ராட் எண்ட் (ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பியின் முனை), புஷ் (சஸ்பென்ஷன் இணைப்புகளில் உள்ள ரப்பர்) ஆகியவற்றில் ஆட்டம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அவை ஆடினால் வைத்த அளவு நிற்காது.