டெர்மினலில் வேறு பெயர் வந்தால் ஹேக்கிங் ஆகிவிடாது
பெங்களூரு கோரமங்களாவில் பிஜி (கட்டண விடுதி) மாறியதும் மேக்புக்கின் டெர்மினல் ப்ராம்ப்டில் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் செயலியில் வரியின் தொடக்கத்தில் தெரியும் பகுதி) யாரோ ஒருவரின் போன் பெயர் வந்திருப்பதாகக் கேட்டவருக்கு, "ஹேக் செய்துவிட்டார்கள், உடனே ஃபார்மட் செய்யுங்கள்" என்று ஒருவர் கூறியிருப்பது தவறான வழிகாட்டல். மேக்ஓஎஸ்ஸில் ஹோஸ்ட்நேம் (நெட்வொர்க்கில் கணினிக்குரிய பெயர்) தனியாக அமைக்கப்படாதபோது, இணைந்திருக்கும் நெட்வொர்க்கின் டிஹெச்சிபி (இணையும் கருவிகளுக்கு ஐபி முகவரி வழங்கும் அமைப்பு) தரும் பெயரையோ, கிடைத்த ஐபி முகவரிக்கு டிஎன்எஸ்ஸில் (எந்த முகவரிக்கு எந்தப் பெயர் என்று காட்டும் அமைப்பு) பதிவாகியுள்ள பெயரையோ கணினி எடுத்துக்கொள்ளும். பலர் வந்து போகும் பிஜி வைஃபையில், முன்பு அதே ஐபியைப் பெற்றிருந்த போனின் பெயரை ரவுட்டர் இன்னும் அழிக்காமல் வைத்திருந்தால், அதுவே உங்கள் ப்ராம்ப்டில் தெரியும். உங்கள் கோப்புகளை யாரும் தொட்டதாக அதற்குப் பொருள் இல்லை. வைஃபையைத் துண்டித்து, மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இணைந்து, புதிய டெர்மினல் சாளரம் திறந்து பாருங்கள்: பெயர் மாறினால் காரணம் நெட்வொர்க்தான். scutil என்ற டெர்மினல் கட்டளையால் ஹோஸ்ட்நேமை நீங்களே நிர்ணயித்துவிட்டால் (அட்மின் கடவுச்சொல் கேட்கும்) பிறகு எந்த வைஃபையிலும் அது மாறாது. ஆனால் ப்ராம்ப்டில் @ குறிக்கு முன்னுள்ள பயனர் பெயர் மாறியிருந்தாலோ, % இருந்த இடத்தில் # வந்திருந்தாலோ அது வேறு விஷயம். # என்பது ரூட் அதிகாரத்தை (கணினியின் முழுக் கட்டுப்பாட்டை) காட்டுவது, அதை நெட்வொர்க் மாற்றாது. ஃபார்மட் செய்வதால் இந்தப் பெயர் போகப் போவதில்லை. அதே வைஃபையில் இணைந்ததும் மறுபடி வரலாம்.