தண்ணி வத்துற நேரத்தைக் கேட்டுட்டு படகு ஏறுங்க

ராமநாதபுரம் மாவட்டத்துக் காரங்காட்டுல படகுல போயி அலையாத்திக் காடும் (மாங்குரோவ்) பறவையும் பாக்கலாம். அங்க போயிட்டு வந்து "ஒண்ணுமே இல்ல ப்ரோ, ஒரே மரமும் சேறும்தான், ரெண்டு கொக்கு நின்னுச்சு, வெயில் மண்டைய பொளந்துருச்சு"ன்னு ஒரு ஸ்டார் போடுறவங்க ரிவ்யூ எல்லாத்தையும் நான் உக்காந்து படிக்கிறவன். சொந்த மாவட்டம்ல, கோவம் வரத்தான் செய்யுது. ஆனா படிக்கப் படிக்க ஒரு விஷயம் புரியுது, பாதிப்பேரு எத்தனை மணிக்குப் போனேன்னு அவங்களே எழுதிடுறாங்க. மதுரையில எட்டு மணிக்குக் கிளம்பி, வழியில டிபன் சாப்புட்டு, தேவிபட்டினத்துல நவபாஷாணம் பாத்துட்டு, உப்பூர்ல வெயிலுகந்த விநாயகரையும் கும்பிட்டுட்டு, பன்னெண்டு மணிக்கு வந்து லைஃப் ஜாக்கெட்ட மாட்டுனா பறவை எங்க இருந்து வரும்? அது என்ன நமக்காக ட்யூட்டி பாக்குதா?

என் கருத்து ஒண்ணே ஒண்ணுதான். நம்ம கடற்கரையில படகுல போயி பறவை பாக்கணும்னா கடிகாரத்தைப் பாத்துக் கிளம்பாதீங்க, தண்ணியைப் பாத்துக் கிளம்புங்க. தண்ணி எப்ப ஏறும் எப்ப வத்தும்னு படகு ஓட்டுற அண்ணன்கிட்ட முந்தின நாளே போன்ல கேளுங்க. அவர் "நாளைக்கு மத்தியானம் வேணாம் சார், காலைல வெள்ளென வந்துருங்க"ன்னு சொன்னா அதைக் கேளுங்க. அவ்வளவுதான். இதுக்கு எதுக்குடா இவ்வளவு பெரிய போஸ்ட்டுன்னா, கேக்குறதுக்கு சின்ன விஷயமா இருந்தாலும் எல்லாமே இதுலதான் இருக்கு.

எப்படின்னா, காரங்காடு இருக்குற பாக் ஜலசந்திப் பக்கம் கடல் ஏறி இறங்குறது ரொம்ப கம்மி, கூடிப்போனா ரெண்டடி சொச்சம். ஆனா இந்தக் கரை தட்டையான கரை. ரெண்டடி இறங்குனாலே சேத்துத் திட்டு அவ்வளவு தூரத்துக்கு வெளிய வந்துரும், அதுதான் உள்ளான் வகைகளுக்கு (சேத்துல நடந்து கொத்தித் தின்னுற கரைப் பறவைங்க) சாப்பாட்டு இடம். சேறு வெளிய தெரிய ஆரம்பிச்ச உடனே எங்கெங்கயோ இருந்து வந்து இறங்கும். ஒவ்வொண்ணுக்கும் ஒரு அளவு மூக்கு, குட்டை மூக்குக்காரன் மேலாப்புல கண்ணுக்குத் தெரியிறதக் கொத்துவான், பவளக்காலி கொஞ்சம் உள்ள விட்டுப் பாக்கும், நீளமா வளைஞ்ச மூக்கு உள்ளது ஆழத்துல இருக்குற புழுவையும் நண்டையும் இழுத்துட்டு வரும், ஒரே திட்டுல நின்னாலும் ஒருத்தர் சாப்பாட்டுல ஒருத்தர் கை வைக்கிறதில்ல. இதெல்லாம் தண்ணி முழுசா ஏறி நிக்கும்போது போனா கிடையாது. திட்டு மூழ்கிடும், பறவையெல்லாம் மணல் மேட்டுக்கோ உப்பளத்துக்கோ போயி ஒத்தக்கால்ல தூங்கிட்டு நிக்கும். சரி அப்ப தண்ணி நல்லா வத்துனப்புறம் போவோமேன்னா அப்ப படகு உள்ள போகாது, தரை தட்டிரும், இறங்கித் தள்ளணும் (இறங்குனா முழங்கால் வரைக்கும் சேறு, செருப்பு அதோட போச்சு). அதனால வத்த ஆரம்பிச்சு பாதி ஆகுற நேரம்தான் நேரம், இல்லன்னா திரும்ப ஏற ஆரம்பிக்கிற நேரம். ஒரு நாளைக்கு ரெண்டு தடவை ஏறும் ரெண்டு தடவை வத்தும், அதுவும் நாளுக்கு நாள் முக்கா மணி நேரம், அம்பது நிமிஷம்னு தள்ளிப்போகும். போன வாரம் போன ஃப்ரெண்டு ஒன்பது மணிக்குப் பாத்தான்னு நீங்களும் அதே ஒன்பது மணிக்குப் போனா அதே காட்சி இருக்காது.

இது எதுவும் கடக்கரை ஊருக்காரவுகளுக்குப் புதுசு கிடையாது. அமாவாசை பௌர்ணமிய ஒட்டி ஏத்தமும் வத்தமும் பெருசா இருக்கும், அட்டமி நவமிக்கு தண்ணி ஓட்டம் மந்தமா இருக்கும்னு வலை விடுற எல்லாருக்கும் தெரியும். அதுக்கு மேல காத்து வேற. வாடைக் காத்து பிடிச்சா தண்ணி கரைப் பக்கம் ஏறி நிக்கும், அன்னிக்கு கணக்கே மாறும். இதைத் தெரிஞ்ச ஆளைப் பக்கத்துல வச்சுக்கிட்டு நாம போன்ல வெதர் ஆப் பாத்துட்டு இருக்கோம் பாருங்க, அதுதான் எனக்கு சிரிப்பு.

காரங்காடு தெரியாதவங்களுக்கு: ராமநாதபுரத்துல இருந்து தொண்டி போற ஈசிஆர்ல உப்பூர் தாண்டி கடல் பக்கம் திரும்பணும், மீனவர் ஊரு, கோட்டக்கரையாறு கடல்ல சேர்ற இடத்துல அலையாத்திக் காடு. வனத்துறையும் ஊர்க்காரங்களும் சேந்து நடத்துறாங்க. படகு ஓட்டுறவங்க ஊர் ஆளுங்க, சாப்பாடு செய்யிறது ஊர்ப் பெண்கள். நண்டு சூப்பு பத்தி நான் இங்க எழுதுனா போஸ்ட்டு வேற பக்கம் போயிரும், அதனால விடுறேன். தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திருவேன்னு அதிகாரிகள மெரட்டுற மாவட்டம் இது, அங்க தண்ணியிலயே ஒரு காடு நிக்குதுன்னு சொன்னா சென்னை சொந்தக்காரங்க இன்னும் நம்ப மாட்டேங்குறாங்க.

போன சீசன்ல சித்தப்பா குடும்பத்தக் கூட்டிட்டுப் போனேன். எங்க போனோம்னு பேரு வேணாம், ஏன்னா அடுத்து சொல்றது இன்னொரு படகைப் பத்தி. நாங்க வாய்க்கா முகத்துல இஞ்சினை ஆஃப் பண்ணிட்டு நிக்கிறோம், முன்னாடி திட்டுல நல்ல கூட்டம், கூழைக்கடா ஒரு பக்கம், நெடுங்கால் உள்ளான் ஒரு பக்கம், குட்டி உள்ளானெல்லாம் எண்ண முடியாது. பின்னாடி ஒரு படகு வருது, ப்ளூடூத் ஸ்பீக்கர்ல குத்துப்பாட்டு, ஒருத்தர் எந்திரிச்சு நின்னு கையத் தட்டுறாரு, எதுக்குன்னா எல்லாம் பறந்தாத்தான் ரீல்ஸ் நல்லா வரும். பறந்துச்சு. அவருக்கு ரீல்ஸ் கிடைச்சுது, எங்களுக்கு வெறும் திட்டு கிடைச்சுது. எங்க சித்தப்பாவும் ஒண்ணும் சும்மா இல்ல, கொஞ்சம் முன்னாடிதான் எங்க படகுக்காரர்கிட்ட "தம்பி, இன்னும் கிட்ட விடுங்க, பறக்குறத வீடியோ எடுக்கணும்"னு கேட்டுட்டு இருந்தாரு. அவர் சொன்ன பதில்: "அய்யா, அதுக பந்தியில உக்காந்துருக்குக. சாப்புடுறவன எழுப்பி விட்டு போட்டோ எடுப்பாகளா?" சித்தப்பா அதுக்கப்புறம் வாயைத் தொறக்கல.

அந்த பந்தி விஷயம் சும்மா டயலாக் இல்ல. இந்த உள்ளான்ல நிறைய வகை சைபீரியா, மத்திய ஆசியா பக்கம் குஞ்சு பொரிச்சுட்டு குளிருக்கு இங்க வர்றது. அக்டோபர்ல இருந்து மார்ச் வரைக்கும் இருந்துட்டுத் திரும்ப அவ்வளவு தூரம் பறக்கணும், அதுக்குத் தேவையான கொழுப்ப இந்த சேத்துலதான் சேக்கணும். சாப்பிடுறதுக்குக் கிடைக்கிறதே தண்ணி வத்தி இருக்குற சில மணி நேரம், அதுலயும் நாம படகு படகா போயி கிளப்பி விட்டா சேத்ததெல்லாம் பறந்தே கரைஞ்சு போயிரும். தனுஷ்கோடியில பூநாரைக்கு இதே கதைதான், கோதண்டராமர் கோயில் பக்கம் தண்ணியில நிக்கிறத பாத்துட்டு ரோட்டோரம் காரை நிறுத்தி இறங்கி நடந்தே போறவங்க உண்டு. 2025 ஜூன்ல அந்த இடத்தப் பூநாரை சரணாலயமா அரசு அறிவிச்சுது, 524 ஹெக்டேருக்கு மேல. நல்ல விஷயம். ஆனா போர்டு வச்சா மட்டும் நம்மாளு நிப்பானா?

இப்ப எதிர்க் கேள்வி வரும், தெரியும். "உனக்கென்ன, உள்ளூர்க்காரன், நினைச்ச நேரத்துக்குப் போவ. நாங்க திருச்சியில இருந்து பிள்ளைகளக் கூட்டிட்டு ஒரு நாள் லீவுல வர்றோம், தண்ணி எப்ப வத்தும்னு பஞ்சாங்கம் பாக்கவா முடியும்?" நியாயமான கேள்விதான். மத்தியானம்தான் வர முடியும்னா மத்தியானமே வாங்க, ஆனா அப்ப தண்ணி ஏறி நிக்கிற நாளா இருந்தா பறவை பாக்கன்னு வராதீங்க, மரம் பாக்க வாங்க. மரம் எங்கயும் போகாது. இங்க பெரும்பாலும் வெண்கண்டல், அதோட இலையைப் பறிச்சு நக்கிப் பாக்கச் சொல்வாங்க, உப்பு கரிக்கும். வேர் வழியா உள்ள வர்ற உப்ப இலை வழியா வெளிய தள்ளுது. சேத்துல ஆணி அடிச்ச மாதிரி குத்திக்கிட்டு மேல நிக்கிறதெல்லாம் மூச்சு விடுற வேர், சேத்துக்குள்ள காத்து இல்லாததால வெளிய மூக்க நீட்டி வச்சுருக்கு. ஒரு கை மட்டும் பெருசா இருக்குற நண்டு, அது ஆண், பொண்ணு தேடி அந்தக் கைய ஆட்டிக்கிட்டே இருக்கும். சேத்துல தாவித் தாவிப் போற மீனு. பிள்ளைங்களுக்கு கூழைக்கடாவ விட இதுதான் பிடிக்கும், நான் பாத்துருக்கேன். எங்க சித்தி மகள் திரும்பி வர்ற வழியெல்லாம் அந்த நண்டு மாதிரியே ஒரு கைய ஆட்டிட்டு வந்தா.

ஆனா வந்து இறங்குன உடனே "டால்பின் காட்டுவீங்களா, ஆவுளியா காட்டுவீங்களா"ன்னு கேக்குறத மட்டும் நிறுத்துங்கப்பா. ஆவுளியான்னா கடல்பசு, அது கடல்தாழைங்கிற கடல்புல்லத் தின்னுட்டு கீழயே கிடக்கும், மூச்சு விட சில நிமிஷத்துக்கு ஒரு தடவை மூக்க மட்டும் மேல நீட்டிட்டுப் போயிரும், காலமெல்லாம் கடல்ல கிடந்தவங்களே அபூர்வமாத்தான் பாக்குறாங்க. 2022ல நாட்டுலயே முதல் தடவையா அதுக்குன்னு ஒரு பாதுகாப்பகம் அறிவிச்சாங்க, அது தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டத்துக் கடல்ல, 448 சதுர கிலோமீட்டர். அவ்வளவு பெரிய இடத்துல இருக்குறத டிக்கெட் எடுத்த ஒரு மணி நேரத்துல காட்டுன்னா அந்த அண்ணன் என்ன பண்ணுவாரு.

அப்புறம் காசு விஷயம். இதை யாரும் பேச மாட்டாங்க. மத்தியானக் கூட்டத்த "இப்ப வேணாம்"னு திருப்பி அனுப்புனா படகுக்காரருக்கு அன்னிக்குப் பொழப்பு போச்சு. அதனால நேர்மையா நேரம் சொல்ற ஆளுக்கு நாமதான் கூடக் கொடுக்கணும். என்னைக் கேட்டா, ஒரு மணி நேரம் சுத்திட்டு கரையில விடுற ட்ரிப்போட சேத்து அரை நாள் ட்ரிப்புன்னு ஒண்ணு தனியா இருக்கணும், கட்டணம் ரெண்டு மூணு மடங்கு வச்சாலும் பரவாயில்ல. வத்துறதுல தொடங்கி திரும்ப ஏறுற வரைக்கும் ஒரே படகுல, இஞ்சின் போடாம, துடுப்பு, இல்லன்னா கம்பு ஊனித் தள்ளுறது. ஆளு கம்மியா. கேக்க ஆள் இருக்கு, கேமராவத் தூக்கிட்டு பெங்களூர்ல இருந்து வர்றவங்கள நான் பாத்துட்டுத்தான் இருக்கேன். படகுத்துறையில ஒரு கரும்பலகை வச்சு அன்னன்னிக்கு வத்தம் எத்தனை மணிக்கு, ஏத்தம் எத்தனை மணிக்குன்னு சாக்பீஸ்ல எழுதிப் போடலாம், இதுக்கு எந்த நிதி ஒதுக்கீடும் வேணாம்.

கைடா வர்ற பசங்களுக்கும் ஒண்ணு. மனப்பாடம் பண்ணி ஒப்பிக்காதீங்க தம்பிகளா. அறிவியல் பேரு நெட்ல இருக்கு. ஆலாப் பறவை கூட்டமா எங்க விழுதோ அங்க சூடை மீன் மேல வந்துருக்குன்னு உங்க அப்பா சொன்னத சொல்லுங்க. எந்தக் காத்துக்கு எந்த மீன் வரும்னு சொல்லுங்க. அதைக் கேக்கத்தான் நாங்க காசு கொடுத்து படகு ஏறுறது.

இன்னொரு சந்தேகமும் இன்பாக்ஸ்ல வருது, பாம்பன் பக்கம் குந்துகால்ல இருந்து குருசடைத் தீவு போறதா காரங்காடு போறதான்னு. ரெண்டும் வேற கடல். அது மன்னார் வளைகுடா, ஆண் கடல். 21 தீவையும் சேத்து 1986ல தேசியப் பூங்காவா அறிவிச்ச பகுதி, பவளப்பாறைக்கும் கடல் பார்வைக்கும் போகலாம். அனுமதி இல்லாம மத்த தீவுல இறங்க முடியாது, "அண்ணே கொஞ்சம் இறக்கி விடுங்க"ன்னு படகுக்காரர மாட்டி விடாதீங்க. கச்சான் காத்து (தென்மேற்குக் காத்து) அடிக்கிற மாசத்துல அந்தப் பக்கம் கடல் முரட்டுத்தனமா இருக்கும். இந்தப் பக்கம் பெண் கடல், ஆனா வாடை காலத்துல இதுவும் பொங்கும், பறவை வர்றதும் அதே மாசம்தான், என்ன பண்றது. வாய்க்காலுக்குள்ள இருக்குற வரைக்கும் மரம் காத்தைத் தடுத்துரும், வெளிக்கடல் வரைக்கும் கூட்டிட்டுப் போங்கன்னு அடம் பிடிச்சாத்தான் வாந்தி.

தை அமாவாசைக்கு தர்ப்பணம் கொடுக்க தேவிபட்டினம், சேதுக்கரை, ராமேஸ்வரம்னு எப்படியும் பாதிப்பேரு இந்தப் பக்கம் வரத்தான் போறீங்க. பறவை சீசனும் அதுதான், பெரிய வத்தமும் அதுதான். அன்னிக்கே படகு ஏறணும்னு நிக்காம, கூட்டம் கலைஞ்சதும் மறுநாளோ அதுக்கு அடுத்த நாளோ வாங்க, வத்தம் அப்பவும் நல்லா இருக்கும். ராமநாதபுரத்துல ரூம் முன்னாடியே போட்டுருங்க, தொப்பியும் தண்ணி பாட்டிலும் கொண்டு வாங்க, பளிச்சுன்னு வெள்ளைச் சட்டை வேணாம், பைனாகுலர் ஒண்ணு யாருகிட்டயாவது கடன் வாங்கிக்கங்க. ஸ்பீக்கர் வண்டியிலயே இருக்கட்டும். படகு நேரத்த முந்தின நாள் சாயங்காலம் கேட்டுக்கங்க, காலைல அஞ்சு மணிக்கு வாங்கன்னு சொன்னா என்னைத் திட்டாதீங்க.