வாய் நாற்றம் பெரும்பாலும் வாயிலிருந்துதான்

அண்ணை, “வாய் நாற்றம் வயிற்றுப் புண்ணால் வருவது, காஸ் குளிசை போட்டால் சரி” என்று எழுதியிருக்கிறீர்கள். அது பிழை. 100 பேரில் 80 பேருக்கு மேல் காரணம் வாய்க்குள்தான் இருக்கிறது. நாக்கின் பின்பக்கத்துப் படலத்திலும் பல் முரசின் இடுக்கிலும் வாழும் பற்றீரியாக்கள் புரதத்தைச் சிதைக்கும்போது ஐதரசன் சல்பைட்டு என்ற வாயு வெளிவரும். கூழ்முட்டை மணமும் அதுதான். நல்லூர்த் திருவிழாவுக்கு விரதம் இருக்கும்போது வாய் மணப்பதும் பெரும்பாலும் உமிழ்நீர் வற்றுவதால். தண்ணீர் குடிக்கக்கூடிய விரதமென்றால் அடிக்கடி குடியுங்கள்.

இரவில் பல் தீட்டியதும் நாக்கையும் வழியுங்கள், பின்பக்கம் முக்கியம். மணத்தை மறைக்க வெற்றிலை பாக்குப் போடுவது வேண்டவே வேண்டாம். பாக்கு வாய்ப் புற்றுநோயைக் கொண்டுவரும். முரசில் இரத்தம் கசிந்தால் குளிசையோடு நாளைக் கடத்தாமல் பல் வைத்தியரிடம் காட்டுங்கள்.