ஆமாம் ஐயா, நாங்கள் பெரிய கிராமம்தான்

அந்தக் காணொளியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். தொழில் வளர்ச்சிக் கருத்தரங்கில் பொன்னாடையும் ஜிகர்தண்டாவும் முடிந்தபிறகு அந்தப் பெரிய மனிதர் திருவாய் மலர்ந்தார்: மதுரை ஒரு பெரிய கிராமமாம், இங்கே திருவிழா பார்க்க ஆள் வருமாம், வேலை பார்க்க வராதாம். கைதட்டல் வேறு. தட்டியவர்களில் பாதிப் பேர் நம் ஊர்க்காரர்கள். இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இரவு அவர் ஆரப்பாளையம் பஸ் நிலையத்துக்கு வரட்டும். திருப்பூருக்கும் கோவைக்கும் ஏறுகிற கூட்டத்தில் ஒரு காலையாவது ஊன்ற முடிகிறதா என்று பார்ப்போம். ஆள் இருக்கிறது ஐயா. வேலைதான் இங்கே வருவதில்லை.

என் அப்பா மில் தொழிலாளி. அந்தக் காலத்தில் சங்கு ஊதினால் தெருவே எழுந்துகொள்ளும். நான் கப்பலூரில் ரப்பர் உதிரிபாகப் பட்டறை வைத்திருக்கிறேன். பதினோரு பேர் வேலை செய்கிறார்கள். இன்னொரு பிரஸ் வாங்கக் கடன் கேட்டு ஒரு வங்கிக்கு எட்டு மாதம் நடந்தேன். செருப்புதான் தேய்ந்தது. மகன் டிப்ளமா முடித்துவிட்டு ஓசூரில் இருக்கிறான். டி.வி.எஸ். 1911இல் பிறந்தது இதே மதுரையில். அதன் மோட்டார் சைக்கிள் உருண்டு வருவது ஓசூரிலிருந்து. பெயர் எங்களுக்கு, சம்பளம் அங்கே.

துறைமுகம் பக்கத்தில் வேண்டாமா என்பீர்கள். தூத்துக்குடி நான்கு வழிச் சாலையில் மூன்று மணி நேரம்கூட இல்லை. ஓசூருக்கும் சென்னைத் துறைமுகத்துக்கும் நடுவே 300 கிலோமீட்டர். பெங்களூரு பக்கத்தில் இருப்பது ஓசூரின் அதிர்ஷ்டம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அங்கே சிப்காட் தொழிற்பேட்டை தானாக முளைத்ததா? அரசு நினைத்தது, வந்தது. எங்களைப் பற்றி யார் நினைத்தார்கள்?

சாதிச் சண்டை, அரிவாள் என்று ஒருவர் பின்னூட்டத்தில் வருவார். அதில் உண்மை இல்லாமல் இல்லை. அதை வேறொரு நாள் பேசுவோம்.

எய்ம்ஸுக்கு 2019 ஜனவரியில் அடிக்கல் நாட்டினார்கள். 2022இல் சேர்ந்த முதல் 50 மாணவர்கள் பாடம் படிக்கப் போனது ராமநாதபுரத்துக்கு. மெட்ரோ கேட்டோம். 2011 கணக்கெடுப்பில் 20 லட்சம் தலை இல்லை என்று திட்ட அறிக்கை திரும்பி வந்தது. பிழைக்கப் போன பிள்ளைகளை ஊரில் இருக்க விட்டிருந்தால் தலை கூடியிருக்குமே! ஆனால் மதுரைப் பக்கத்துக் கிராமமான அரிட்டாபட்டியை மட்டும் யாரும் மறக்கவில்லை. டங்ஸ்டன் தோண்ட ஏலமே விட்டார்கள். ஊர் ஊராக மக்கள் திரண்டதால் 2025 ஜனவரியில் ரத்தானது. அன்றைக்கு நாங்கள் வளர்ச்சிக்கு எதிரிகள், இன்றைக்குச் சோம்பேறிகள். ஏதாவது ஒன்றில் நில்லுங்கள்.

திருவிழாவாம். என் வீட்டில் திருவிழா என்றால், பிள்ளை வருடத்தில் நான்கு நாள் சேர்ந்தாற்போல் வீட்டில் படுத்துத் தூங்குவது. அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க வருகிற கூட்டத்தில் எத்தனை பேர் இப்படி லீவு போட்டு வந்தவர்கள் என்று அந்த மனிதருக்குத் தெரியுமா? இந்தச் சித்திரைக்கு லீவு கிடைக்காது போலிருக்கிறது அப்பா என்று நேற்று சொன்னான்.

அந்தக் காணொளியை எனக்கு முதலில் அனுப்பியதும் அவன்தான். கீழே ஒரு சிரிப்புப் பொம்மை போட்டிருந்தான்.