மூன்றாம் நாள் வலியை மாத்திரை தீர்க்காது

லாக்டவுனில் பல் பிடுங்கி அவதிப்பட்டவர் பற்றி எல்லோரும் பகிரும் அந்தப் பதிவைப் படித்தேன். "டாக்டர் வீரியமான ஆன்டிபயாடிக் எழுதியிருந்தால் சரியாகியிருக்கும்" என்று தீர்ப்பே எழுதிவிட்டார்கள். கீழே வரிசையாக ஆமாம், ஆமாம். பல் டாக்டரான எனக்கு மனசு கஷ்டமாக இருக்கிறது. ஏனென்றால் அது தவறு.

பல் பிடுங்கிய குழியில் ரத்தம் உறைந்து நிற்க வேண்டும். அந்த உறைவுதான் எலும்புக்கு மூடி. அது கழன்றாலோ கரைந்தாலோ எலும்பு வெளியே தெரியும். மூன்றாம் நாள் வாக்கில் வலி கிளம்பிக் காதுவரை இழுக்கும், வாய் நாறும். ட்ரை சாக்கெட் என்பது இதுதான். அங்கே பொதுவாகச் சீழ் கிடையாது, ஆன்டிபயாடிக்குக்கு வேலையும் கிடையாது. வெதுவெதுப்பான சலைனால் குழியைக் கழுவி, யூஜினால் (கிராம்பு எண்ணெயில் இருக்கும் பொருள்) கலந்த மருந்தை உள்ளே வைக்க வேண்டும். வைத்த கொஞ்ச நேரத்திலேயே வலி இறங்கும். இதைப் போனில் செய்ய முடியாது. 2020 மார்ச் 25இல் லாக்டவுன் தொடங்கிய பிறகு நோயாளிகள் இழந்தது இந்த மூன்றாம் நாளைத்தான். பிடுங்க ஒருமுறை எப்படியோ வந்துவிட்டார்கள். பஸ் இல்லாத ஊரில் மறுபடி எப்படி வருவார்கள்?

'ரூட் கேனால் செய்து பல்லைக் காப்பாற்றியிருக்கலாமே' என்கிறார்கள். அதற்கு ஏர்ரோட்டர் வேண்டும். நிமிடத்துக்கு மூன்று லட்சம் சுற்றுக்கு மேல் சுழன்று, எச்சில் கலந்த சாரலைக் காற்றில் கிளப்பும் கருவி அது. கொரோனா பரவும் என்று அப்போது அதைத் தவிர்க்கச் சொல்லியிருந்தார்கள். பிடுங்குவதிலும் அதே தடைதான். வேர் வளைந்த கடைவாய்ப் பல்லை மற்ற நாளில் இப்படிச் சுழலும் கருவியால் துண்டாக அறுத்து எடுப்போம். அறுக்காமல், பல்லை நெம்பும் எலிவேட்டரும் பிடித்து இழுக்கும் ஃபோர்செப்ஸுமாக அசைத்தே எடுத்தால் எலும்பு நசுங்கும், வேர் நுனி முறியும், ட்ரை சாக்கெட் வாய்ப்பும் கூடும். போதாததற்கு, வாரக்கணக்கில் மாத்திரையில் ஓட்டிவிட்டு முகம் வீங்கி வந்தார்கள். சீழ் கட்டிய இடத்தில் அமிலத்தன்மை அதிகம், மரப்பு ஊசி சரியாகப் பிடிக்காது.

எங்கள் மேல் குறையே இல்லையா? இருக்கிறது. பஞ்சை அரை மணி நேரம் கடியுங்கள், 24 மணி நேரம் கொப்பளிக்காதீர்கள், துப்பாதீர்கள், பீடி சிகரெட் தொடாதீர்கள் என்று தாளில் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். இரண்டு மாஸ்க்குக்குப் பின்னாலிருந்து சொன்னது பாதிதான் காதில் விழுந்திருக்கும். கொரோனாவுக்கு உப்புத் தண்ணீர் கொப்பளி என்று வீட்டுக்கு வீடு சொன்ன காலம் வேறு. பல் பிடுங்கிய அன்றே கொப்பளித்தால் உறைவு எப்படி நிற்கும்? ஆனால் 'பல் டாக்டர்கள் ஓடி ஒளிந்தார்கள்' என்பதை மட்டும் ஏற்க மாட்டேன். நோயாளியின் மூச்சுக்கு ஒரு சாண் தூரத்தில் முகம் வைத்துச் செய்கிற வேலை இது.

எல்லா வலியும் ட்ரை சாக்கெட் அல்ல. தாடைக்கடியில் வீங்கி, நாக்கு மேலே தூக்கி, எச்சில் விழுங்க முடியாவிட்டால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது, பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். மூச்சுக்குழாய் அடைபடும். 2021இல் கொரோனாவுக்கு ஸ்டீராய்டு எடுத்த சர்க்கரை நோயாளிகளுக்கு மேல்தாடைக் குழி ஆறாமல், பக்கத்துப் பற்களும் ஆடத் தொடங்கினால், கருப்புப் பூஞ்சையோ என்று பார்க்க வேண்டியிருந்தது. அந்த நோயில் ஒவ்வொரு நாளும் கணக்கு. அப்படிப்பட்டவர் இந்த மாதிரி யோசனையை நம்பி இன்னொரு பட்டை மாத்திரை வாங்கிப் போட்டிருந்தால்?

அந்தப் பதிவின் கீழே மருந்தின் பெயரையும் மில்லிகிராமையும் ஒருவர் போட்டிருக்கிறார். தயவுசெய்து அதை நீக்குங்கள்.