ஆமை சொல்லிக்கொடுத்த 120

பிளஸ் டூ படிக்கும்போது எனக்குக் கிடைத்த விலையில்லா மடிக்கணினி (2011இல் ஆரம்பித்த திட்டம்) இன்னும் ஓடுகிறது. பேட்டரி செத்துப் பல வருடம் ஆகிறது, வயரைப் பிடுங்கினால் அணைந்துவிடும், அவ்வளவுதான். போன லீவுக்கு வந்த அக்கா மகளுக்கு அதில் லோகோ போட்டுக் கொடுத்தேன். சீமோர் பேப்பர்ட்டும் கூட்டாளிகளும் 1967இல் குழந்தைகளுக்காகவே உருவாக்கிய நிரல் மொழி. திரையில் ஓர் ஆமை, 'எஃப்டி 100' என்றால் நூறு அடி முன்னால் நடக்கும், 'ஆர்டி 90' என்றால் வலப்பக்கம் 90 டிகிரி திரும்பும்.

சதுரம் உடனே போட்டுவிட்டாள். அடுத்தது முக்கோணம். எட்டாம் வகுப்பாயிற்றே, சமபக்க முக்கோணத்தில் கோணம் 60 என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள், அதையே அடித்தாள். மூன்று கோடு போட்டும் மூடவில்லை, வாய் பிளந்த சட்டி மாதிரி நிற்கிறது. "மாமா, இது ரிப்பேர்!" நான் வாயே திறக்கவில்லை. கோபத்தில் இன்னும் மூன்று தடவை அடித்தாள், அறுகோணம் வந்து நின்றது. கொஞ்ச நேரம் முறைத்துவிட்டு, எழுந்து கூடத்தில் தானே ஆமையாக நடந்து திரும்பிப் பார்த்தாள். அப்புறம் வந்து 120 அடித்தாள். வெளிக்கோணத்தை (180இல் உள்கோணம் 60 போக மீதி 120) புத்தகத்தில் படித்து மார்க்கும் வாங்கியவள்தான், ஆனால் அது தன் உடம்பு திரும்புகிற அளவு என்று அன்றைக்குத்தான் பிடிபட்டது.

அவள் பள்ளியிலும் லேப் இருக்கிறது. செருப்பைக் கழற்றிவிட்டுப் போக வேண்டும், போனால் ஒன்று வீடியோ, இல்லாவிட்டால் நாலில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் டெஸ்ட். பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தின் கடைசிப் பாடத்தில் ஸ்க்ராட்ச் என்ற நிரல் மொழி வருகிறது, லோகோவின் வாரிசு மாதிரிதான் அதுவும். அதையும் ஒரு மார்க் கேள்விக்கு மனப்பாடம் செய்கிறார்கள், விரல் கீபோர்டில் படாமலே! வீடியோ பார்க்கவும் டிக் அடிக்கவும் இத்தனை கம்ப்யூட்டர் எதற்கு? ஒரு டிவியும் கொஞ்சம் காகிதமும் போதுமே. டெஸ்ட் சாஃப்ட்வேர் 'தப்பு' என்பதோடு நிறுத்திக்கொள்ளும். ஆமை அந்தத் தப்பை அப்படியே நடந்து காட்டும், திட்டாது, பக்கத்துப் பெஞ்சும் சிரிக்காது. ஆசிரியர்களைக் குறை சொல்லவில்லை. நாற்பது பிள்ளைகள், ஒரு பீரியட், மேலே போர்ஷன், அவர்கள்தான் என்ன செய்வார்கள்?

இப்போது அவளுக்கு ஐந்து முனை நட்சத்திரம் வேண்டுமாம். 72 போட்டாள், ஐங்கோணம் வந்தது. நேற்று போனில் ஒரே கெஞ்சல். 144 நாக்கு நுனி வரை வந்துவிட்டது, கஷ்டப்பட்டு அடக்கிக்கொண்டேன்.