பெர்க்கினுக்கு முன்னால் யாருமே இல்லையாம்

நிலக்கரித் தாரிலிருந்து சாயம் வந்த கதையைச் சொல்லும் அந்தக் காணொளியைப் பற்றி மறுபடியும் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ‘வேதியியல் தெரியாதவர்கள் ஒதுங்கி நிற்கவும்’ என்று எனக்கு ஒரு பதில் வந்தது பாருங்கள், அதற்கப்புறம் சும்மா இருக்க முடியவில்லை.

காணொளி சொல்வது இது: விளக்கெரிக்க நிலக்கரியிலிருந்து வாயு எடுத்த ஆலைகள், மிஞ்சும் கருப்புப் பிசினான தாரை வீணாகக் கொட்டிக்கொண்டிருந்தன, 1856-ல் 18 வயது வேதியியல் மாணவர் பெர்க்கின் தற்செயலாக அதிலிருந்து ஊதாச் சாயம் எடுத்தார், உலகமே மாறியது. இவ்வளவுதானாம் வரலாறு.

1823-லேயே மெக்கின்டாஷ் தாரிலிருந்து வடித்த நாப்தா என்ற எண்ணெயில் ரப்பரைக் கரைத்து மழைக்கோட்டுத் துணிக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். 1834-ல் வேதியியலாளர் ருங்க, பின்னால் பெர்க்கினின் சாயத்துக்கு மூலப்பொருளான அனிலினையும் ஃபீனாலையும் தாரிலிருந்து பிரித்தார். அனிலின் செய்ய உதவும் பென்சீனைத் தாரிலிருந்து பிரித்தெடுத்த மான்ஸ்ஃபீல்ட், அந்த வடிப்பு வேலையிலேயே தீப்பிடித்து 1855-ல் செத்துப்போனார். அதற்கு அடுத்த வருடம்தான் பெர்க்கின். அவருடைய ஆசிரியர் ஹோஃப்மன் பல வருடங்களாகத் தாரைக் குடைந்துகொண்டிருந்தவர். பையன் தேடியது மலேரியா மருந்தான குயினைன், கிடைத்தது சாயம். அந்த ஒன்று தற்செயல், ஒப்புக்கொள்கிறேன். அனிலின் அவர் மேசைக்கு வந்து சேர்ந்ததும் தற்செயலா?

‘சுருக்கமாகச் சொன்னால்தான் மக்கள் பார்ப்பார்கள்’ என்பீர்கள். சரி, சுருக்குங்கள். மான்ஸ்ஃபீல்ட் பெயரைச் சொல்ல எத்தனை வினாடி ஆகும்? ‘கழிவை ஆற்றில் விட்டது உண்மைதானே?’ உண்மைதான், யார் இல்லை என்றது?

எனக்கு வலிப்பது வேறு. காற்றுப் படாமல் நிலக்கரியைச் சுடும் ரிட்டார்ட் என்ற மூடிய கலன்களைத் திறந்து, வாயு போன பின் தணலாகக் கிடக்கும் கரியான கோக்கை வாரி வெளியே இழுத்து, உடனே அடுத்த கரியை அள்ளிப் போட்டது யார்? அந்த வெக்கையில் 12 மணி நேரம் நின்றவர்கள். லண்டன் பெக்டன் வாயு ஆலையில் தொழிலாளி வில் தோர்ன் 1889-ல் சங்கம் கட்டிய பிறகுதான் அது 8 மணி நேரமாக இறங்கியது. காணொளியில் அவர்களுக்கு ஒரு வரி கிடையாது. விளக்கு மட்டும் அழகாக எரிகிறது.

என் பெரியப்பா கோக் சூளையில் வேலை பார்த்தவர். எத்தனை சோப்பு போட்டாலும் அவர் சட்டையில் தார் வாடை போகாது. கையில் புண் வந்தபோது, ‘வெயில் ஒத்துக்கொள்ளவில்லை’ என்று எழுதி அனுப்பினார்கள். முயல் காதில் திரும்பத் திரும்பத் தார் பூசினால் புற்று வருகிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் யாமகிவாவும் இச்சிகாவாவும் 1915-லேயே காட்டிவிட்டார்கள். பெரியப்பா அப்போது பிறக்கக்கூட இல்லை.

வேதியியல் தெரியாதவர்கள் ஒதுங்கி நிற்க வேண்டுமாம். பெரியப்பாவுக்கும் தெரியாதுதான். அவரை யாரும் ஒதுங்கி நிற்கச் சொல்லவில்லையே.